ஏபிஎஸ்என் புத்தகப் பட்டியல்: எதை வாங்குவது, எதை விடுவது?

வணக்கம். சென்ற காணொளிக்கு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் டாலஸிலிருந்து ஒரு தங்கை, ஏபிஎஸ்என் என்ற வேகமாக முடிக்கும் நர்ஸிங் பட்டப்படிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

“அக்கா, நான் மதுரையில் பயோடெக்னாலஜி படித்தவள். திருமணமாகி இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. ஆகஸ்டில் 15 மாத ஏபிஎஸ்என் தொடங்குகிறது. கல்லூரி அனுப்பிய பட்டியலில் 14 புத்தகங்கள் இருக்கின்றன. கூட்டிப் பார்த்தால் 1,600 டாலர் வருகிறது. எல்லாவற்றையும் வாங்க வேண்டுமா? ஜூலையில் அம்மா ஊரிலிருந்து வருகிறார். இந்தியப் பதிப்பு பாதி விலைகூட இல்லை. அவரிடம் வாங்கி வரச் சொல்லட்டுமா? தமிழில் படிக்க ஏதாவது இருக்கிறதா?”

முதலில் சேர்ந்ததற்கு வாழ்த்துகள். அந்த இடம் சும்மா கிடைப்பதில்லை. அனாடமி, மைக்ரோபயாலஜி, புள்ளியியல் எல்லாம் முடித்துக் காட்டினால்தான் உள்ளேயே விடுவார்கள். வேறு துறையில் பட்டம் வாங்கியவர்கள் ஒன்றரை வருடத்துக்குள் நர்ஸிங் பட்டத்தை முடிக்கும் படிப்பு இது. இதில் பணத்தைவிட நேரத்துக்குத்தான் பஞ்சம். புத்தகம் வாங்கும்போதும் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விலை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், இதைத் திறக்க எனக்கு எந்த நாளில் நேரம் இருக்கும் என்று பாருங்கள்.

நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். நான் 16 மாதப் படிப்பில் சேர்ந்தேன். பட்டியல் வந்த அன்றே பயந்துபோய் முழுவதையும் புதிதாக வாங்கினேன். நான்கு புத்தகங்களைப் படிப்பு முடியும்வரை தொடவே இல்லை. இரண்டில் பிளாஸ்டிக் உறையை ஆர்வத்தில் பிரித்திருந்தேன், அதனால் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கணவர் ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடிக்கொண்டிருந்த காலம். அந்தப் பணம் இன்றும் எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகப் பேசுகிறேன்.

சரி, பட்டியலைக் கையில் எடுங்கள். ‘கட்டாயம்’, ‘பரிந்துரை’ என்று இரண்டு வகை போட்டிருப்பார்கள். பரிந்துரை என்று இருப்பதை இன்றே அடித்துவிடுங்கள். கட்டாயம் என்று இருப்பதிலும் இப்போதே வாங்க வேண்டியது, வகுப்பு தொடங்கி முதல் வாரம் பார்த்து வாங்க வேண்டியது என்று பிரியுங்கள். மூத்த மாணவர் ஒருவரைப் பிடித்து ஒரே கேள்வி கேளுங்கள்: “பரீட்சைக் கேள்வி புத்தகத்திலிருந்து வருகிறதா, ஆசிரியரின் ஸ்லைடிலிருந்து வருகிறதா?” அந்தப் பதிலிலேயே பாதிப் பட்டியல் குறைந்துவிடும்.

விலை ஒப்பிடுவது உங்கள் உரிமை. 2008-இல் வந்த அமெரிக்க உயர்கல்விச் சட்டம், மத்திய அரசின் உதவி பெறும் கல்லூரிகள் கூடுமானவரை பாட அட்டவணையிலேயே புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் எண்ணையும் விலையையும் சொல்லிவிட வேண்டும் என்கிறது. அந்த 13 இலக்க எண்ணை வைத்துத் தேடுங்கள், பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் தனிப் புத்தகம், அக்சஸ் கோடு (பதிப்பகத்தின் இணையதளத்துக்குள் நுழையும் குறியீடு) சேர்ந்த கட்டு, உதிரித் தாள் பதிப்பு என்று மூன்று நான்கு வடிவம் வரும். கோடு ஒருவர் பெயரில் ஒருமுறைதான் பதிவாகும். பழைய புத்தகத்தோடு வரும் கோடு பெரும்பாலும் செத்த கோடு. ஆசிரியர் வீட்டுப்பாடத்தை அந்தத் தளத்தில்தான் வாங்குவார் என்றால், பழைய புத்தகம் வாங்கி மிச்சம் பிடித்த காசு கோடு வாங்கவே போய்விடும்.

இன்னொன்று, ஏடிஐ போன்ற நிறுவனங்கள் தரும் பயிற்சித் தேர்வுப் பொதியைப் பல கல்லூரிகள் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன. உங்கள் கட்டண ரசீதை ஒருமுறை வரிவரியாகப் பாருங்கள். அதில் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், அதோடு வரும் மீள்பார்வைப் புத்தகங்களே பல பாடங்களுக்குப் போதும்.

பழைய பதிப்பு வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாடத்தைப் பொறுத்தது. உடற்கூறியலுக்குத் தாராளமாக வாங்கலாம், சிறுநீரகம் இருக்கிற இடம் மாறப்போவதில்லை. மருந்தியலிலும் மெட்-சர்ஜிலும் (பெரியவர்களின் நோய், அறுவைச் சிகிச்சைப் பராமரிப்புப் பாடம்) வேண்டாம். ஓர் உதாரணம்: அமெரிக்க இதயநோய்ச் சங்கங்கள் 2017-இல் உயர் ரத்த அழுத்தத்தின் எல்லையை 140/90-இலிருந்து 130/80-க்குக் குறைத்தன. அதற்கு முந்தைய புத்தகத்தைப் படித்துவிட்டுப் போனால், பரீட்சையிலும் தவறு, வார்டிலும் தவறு.

நர்ஸ் உரிமத்துக்கு எழுதும் என்க்ளெக்ஸ் தேர்வின் மீள்பார்வைப் புத்தகத்துக்கும் இதே கதைதான். 2023 ஏப்ரல் 1 முதல் தேர்வே மாறிவிட்டது. நான் எழுதியது 2019-இல். அப்போது குறைந்தது 75 கேள்வி, அதிகபட்சம் 265. இப்போது 85 முதல் 150 வரை, ஐந்து மணி நேரம். ஒரே நோயாளியின் கதையை வைத்து ஆறு கேள்விகள் வருகின்றன. முதலில் எந்த அறிகுறியைக் கவனிக்கிறாய், அதை எப்படிப் புரிந்துகொள்கிறாய், எது முதலில் முக்கியம், என்ன திட்டம், என்ன செய்வாய், செய்தது பலித்ததா என்று படிப்படியாகக் கேட்கிறார்கள். ‘பொருந்துவன எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ வகைக் கேள்விக்கும் இப்போது பகுதி மதிப்பெண் உண்டு. உறவினர் வீட்டுப் பரணில் கிடந்தது என்று யாராவது 2018 மீள்பார்வைப் புத்தகத்தைக் கொடுத்தால், நன்றி சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது அம்மாவின் பெட்டிக்கு வருகிறேன். வெளிநாட்டில் முறைப்படி அச்சிட்ட புத்தகத்தை இங்கே கொண்டுவந்து படிப்பது சட்டவிரோதம் இல்லை. தாய்லாந்திலிருந்து வந்த ஒரு மாணவர், வீட்டார் ஊரில் வாங்கி அனுப்பிய பாடப்புத்தகங்களை இங்கே விற்றார். பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மாணவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. எனவே சட்டத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கவலை. பாட்டர்-பெர்ரியின் அடிப்படை நர்ஸிங் புத்தகத்துக்கு ‘தெற்காசியப் பதிப்பு’ என்றே தனியாக ஒன்று உண்டு. அது இந்தியப் பாடத்திட்டத்துக்காகத் திருத்தியது. உங்கள் ஆசிரியர் இத்தனையாவது அத்தியாயம், இத்தனையாவது பக்கம் என்று சொல்லும்போது நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். மருந்துப் பெயர்களும் இடிக்கும். நம் ஊரில் பாராசிட்டமால், இங்கே அசிட்டமினோஃபென். அங்கே சால்பியூட்டமால், இங்கே ஆல்பியூட்டரால். அட்ரீனலின் இங்கே எபிநெஃப்ரின். இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றும். அவசர நேரத்தில் ஒரு விநாடி மனதுக்குள் மொழிபெயர்க்க வேண்டியிருந்தால் அது சின்ன விஷயம் இல்லை. எனவே உடற்கூறியல், உயிர்வேதியியல் போன்ற அடிப்படைப் புத்தகம் வேண்டுமானால் ஊரிலிருந்து வரட்டும். நர்ஸிங் புத்தகம் எதுவும் வேண்டாம். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கிலோ. அந்த எடையில் அம்மா உங்களுக்குச் சாம்பார்ப் பொடியும் பருப்புப் பொடியும் கொண்டுவரட்டும். கிளினிக்கல் (மருத்துவமனைப் பயிற்சி) நாட்களில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து சமைக்க முடியாது.

அப்படியென்றால் நான் எதை வாங்கச் சொல்வேன்? புதிய பதிப்பில் மெட்-சர்ஜ் புத்தகம் ஒன்று, கல்லூரி சொன்னதே. இது கடைசி வரை கூட வரும். அப்புறம் ஒரு மருந்துக் கையேடு. டேவிஸ் கையேட்டில் மருந்துகள் பொதுப்பெயரின் அகர வரிசையில் இருக்கும், அது நல்ல பழக்கத்தைத் தரும், ஏனென்றால் என்க்ளெக்ஸிலும் பொதுப்பெயரைத்தான் எதிர்பார்க்க வேண்டும். மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் ஆகிய மூன்றும் சில வாரங்களில் ஓடிப்போகும் பாடங்கள். வாடகைக்கு எடுங்கள், அல்லது நூலகத்தில் இரண்டு மணி நேரத்துக்குத் தரும் ரிசர்வ் பிரதியைப் பயன்படுத்துங்கள்.

இலவசமாக இருப்பதையும் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியவில்லை. ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ், நர்ஸிங்குக்கு என்றே ஒரு வரிசைப் புத்தகங்களை வெளியிட்டிருக்கிறது. அடிப்படை, மருந்தியல், மெட்-சர்ஜ், மகப்பேறு, மனநலம் எல்லாம் உண்டு. விஸ்கான்ஸினில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து வரும் ஓப்பன் ஆர்என் புத்தகங்களும் அப்படித்தான். ஒரு தலைப்பு உங்கள் புத்தகத்தில் புரியவில்லை என்றால், இரண்டாவது விளக்கத்துக்குக் காசு கொடுக்காமல் அங்கே போங்கள். என்க்ளெக்ஸ் நடத்தும் என்சிஎஸ்பிஎன் தளத்தில் தேர்வுத் திட்டமும் இலவசம். 2023 திட்டத்தில் மருந்து சார்ந்த பகுதி மட்டும் 13 முதல் 19 சதவீதமாக இருந்தது. எதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவது என்று இப்போதைய திட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி வங்கிக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். யூவேர்ல்ட் போன்றவற்றின் சந்தா நாள்கணக்கில் ஓடும், கடைசி செமஸ்டரில் எடுங்கள். ஒன்றே போதும். ஆனால் சரியாகப் போட்ட கேள்விக்கும் விளக்கத்தைப் படிக்க வேண்டும், மற்ற மூன்று விடைகள் ஏன் தவறு என்று சொல்லத் தெரிய வேண்டும். 3,000 கேள்வியை வேகமாகத் தட்டிவிட்டுப் போனவர்களைவிட, 1,500 கேள்வியைப் பொறுமையாகப் போட்ட என் தோழிகள் நிம்மதியாகத் தேர்வு எழுதினார்கள்.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப் குழுக்களில் ‘டெஸ்ட் பேங்க் பத்து டாலர்’ என்று வரும். அது ஆசிரியர்களுக்காகப் பதிப்பகம் தரும் கேள்விகள், வெளியே கசிந்தவை. அதை வைத்துப் படித்து மாட்டினால் கல்லூரியை விட்டே நீக்கலாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்தப் பத்து டாலருக்காக எல்லாவற்றையும் இழக்காதீர்கள். கை கூப்பிக் கேட்கிறேன்.

கடைசியாக, தமிழில் ஏதாவது இருக்கிறதா என்பது. இந்தத் தேர்வுக்கென்று தமிழில் நான் பரிந்துரைக்கும் புத்தகம் இல்லை, பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில்தான். ஆனால் தமிழ் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. தினமும் அம்மாவுக்குப் போன் செய்து அன்றைக்குப் படித்த ஒன்றைத் தமிழில் சொல்வேன். “இதயத்தின் இடது பக்கம் சோர்ந்துபோனால் தண்ணீர் நுரையீரலில் தேங்கும், மூச்சு வாங்கும். வலது பக்கம் சோர்ந்தால் கால் வீங்கும்.” அம்மா, “அப்போ கால் வீங்கினால் உப்பைக் குறைக்கணுமா?” என்று கேட்பார். அந்த இடத்தில் பதில் தெரியாமல் நின்றால், எனக்குப் பாடம் புரியவில்லை என்று அர்த்தம். நோயாளியிடம் சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைப்பது இங்கே நர்ஸின் அன்றாட வேலை, டீச்-பேக் என்பார்கள். உங்களுக்கு அம்மா வீட்டிலேயே இருக்கப்போகிறார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். அன்றைய பாடத்தைச் சொல்லிவிட்டு, “என்ன புரிந்தது, சொல்லுங்கம்மா” என்று கேளுங்கள்.