துக்கம் விசாரிக்க யாரும் வராத வருஷம்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். கொரோனா காலத்துல மனசைத் தாங்கிக்கிட்டது எப்படின்னு பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. நான் மனநல ஆலோசகர், அந்த ரெண்டு வருஷமும் ஃபோன்லயே ஆலோசனை சொல்லிட்டு இருந்தவ. மூணு விஷயம் எழுதிட்டு வந்திருக்கேன், ஆனா முதல் விஷயத்துலயே நேரம் போயிடும்னு இப்பவே தோணுது.

2020 மார்ச்ல லாக்டவுன் போட்டப்போ வந்த ஃபோனெல்லாம் பயம்தான். இருமல் சத்தத்தோட ஒரு காலர் ட்யூன் வருமே, ஞாபகம் இருக்கா, அதைக் கேட்டாலே நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னவங்க உண்டு. மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினாங்க, அப்புறம் வேலை, வாடகை, வட்டின்னு பேச்சு மாறுச்சு. அடுத்த வருஷம் மே மாசம் அப்படியில்லங்க. தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36 ஆயிரம் பேருக்கு மேல பாசிட்டிவ், சென்னை கீழ்ப்பாக்கத்துல ரெம்டெசிவிர் மருந்துக்கு க்யூ, ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசை. அப்போ ஃபோன் பண்ணவங்க நிறைய பேர் பேசவே மாட்டாங்க, அழுகை மட்டும்தான் கேக்கும்.

அதுல ஒரு அம்மாவைப் பத்தி சொல்லியே ஆகணும், பேரு ஊரெல்லாம் வேண்டாம். வீட்டுக்காரர் தானா நடந்து போய் ஆம்புலன்ஸ்ல ஏறினவரு, திரும்பி வரல. மூடிக் கட்டின உடம்பு நேரா மின்மயானத்துக்குப் போயிடுச்சு, மகன் மட்டும் பிபிஇ கிட் போட்டுக்கிட்டு தூரத்துல நின்னான், இந்தம்மாவும் பாசிட்டிவ்ங்கறதால வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தாங்க. நம்ம ஊர்ல சாவுன்னா என்னென்ன நடக்கும்? வாசல்ல பந்தல், மாலையோட சொந்தக்காரங்க, கட்டிப்புடிச்சு அழற பொம்பளைங்க, மறுநாள் பால் தெளிக்கறது, பதினாறாம் நாள் காரியம், அடுப்பு பத்தவைக்காத வீட்டுக்கு பக்கத்து வீட்டுச் சோறு. எதுக்கு இவ்ளோ வெட்டிச் செலவுன்னு பேசறவங்க இருக்காங்க, பேசட்டும். துக்கம் விசாரிக்க வர்ற ஒவ்வொருத்தரும் 'எப்படி ஆச்சு?'ன்னுதானே கேப்பாங்க? அந்த வீட்டம்மா ஒரே கதையை வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க. சொல்லச் சொல்லத்தான் ஆள் போயிட்டாருங்கறதே மனசுல இறங்கும்.

இந்தம்மாகிட்ட அதை யாரும் கேக்கல. ஃபோன் பண்ணவங்கெல்லாம் 'தைரியமா இருங்க, பசங்களைப் பாருங்க'ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க, பாவம், அவங்களுக்கும் பயம்தான். மாசக்கணக்காகியும் ராத்திரி கேட் சத்தம் கேட்டா எழுந்து போவாங்களாம். அவரோட ஃபோனுக்கு தினம் சார்ஜ் போடுவாங்களாம்.

அப்புறம் லாக்டவுன் தளர்ந்து, எதிர்வீட்டுப் பாட்டி ஒருத்தங்க மக வீட்டுல இருந்து திரும்பி வந்தாங்க. சாயங்காலம் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு, மாஸ்க்கோட உக்காந்து, 'ஏம்மா, எப்படி ஆச்சு, கடைசியா என்ன சொல்லிட்டுப் போனாரு?'ன்னு ஆரம்பிச்சிருக்காங்க. மறுநாளும் அதே கேள்வி. அதுக்கு மறுநாளும். படிச்சு சர்டிஃபிகேட் வாங்கின நான் பேசினதை விட அந்தப் பாட்டி கேட்டதுதான் வேலை செஞ்சுது. அடுத்த வருஷம் திதிக்கு சொந்தபந்தம் எல்லாரையும் வரவழைச்சு, விட்டுப்போன ஒப்பாரியை அன்னைக்கு வச்சாங்க. வருஷம் கழிச்சு எதுக்கு ஒப்பாரின்னு முணுமுணுத்தவங்களும் கடைசில சேர்ந்து அழுதாங்களாம். உங்க தெருவுலயும் அப்படி பேசாம விட்டுப்போன வீடு இருக்கும், இப்பக் கூட போய்க் கேக்கலாம், எப்படி ஆச்சுன்னு. கேட்டுட்டு வாயை மூடிக்கணும், அறிவுரை வேண்டாம்.

எல்லாத்தையும் பாட்டியால சரி பண்ண முடியாதுதான். 2022-ல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அவங்க கையேட்டுல நீடித்த துக்கத்தை தனி நோயாவே சேத்துட்டாங்க. ஒரு வருஷம் தாண்டியும் அன்னாட வேலை ஓடலன்னா டாக்டரைப் பாருங்க.

ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுறாங்க, ஒரு நிமிஷம்தானாம். தூக்கத்தைப் பத்தி நிறைய வச்சிருந்தேன், சரி, எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழுந்திரிக்கற நேரத்தை மாத்தாதீங்க, படுக்கையில நியூஸ் வேண்டாம். பத்தாவது பரீட்சை எழுதாமயே ஆல்பாஸ் ஆன பசங்க கதை பெருசு, இன்னொரு நாள் கூப்பிட்டா சொல்றேன். நம்பர் மட்டும் எழுதிக்கோங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், 14416, இலவசம், ராத்திரி பகல் எப்ப வேணா தமிழ்லயே பேசலாம். பேனா தேடிட்டு இருக்கறவங்களுக்கு இன்னொரு தடவ, ஒண்ணு நாலு நாலு ஒண்ணு ஆறு. வணக்கம்.