களிமண்ணின் பிடி

நேயர்களுக்கு வணக்கம். மழைக்குப் பிறகு களிமண் தரையில் கால் வழுக்காதவர் யார்? அணுக்கழிவைக் களிமண் எப்படிப் பிடித்து வைக்கிறது என்ற இன்றைய விஷயமே அந்த வழுக்கலில்தான் இருக்கிறது. களிமண் துகள் உருண்டை இல்லை. ஓலைச்சுவடி போல ஏடு ஏடாக அடுக்கியது. நனைந்தால் ஏட்டின் மேல் ஏடு சறுக்கும். ஏடுகளில் எதிர்மின்னேற்றம் உண்டு. அதை ஈடுகட்ட சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் இடுக்குகளில் குந்தியிருக்கும். அணுக்கழிவு நீரிலுள்ள சீசியம் என்ற கதிரியக்கத் தனிமமும் நேர்மின் அயனிதான். அது வந்தால், இருந்தது எழுந்து போகும்; வந்தது உட்காரும்.

இதை முதலில் கண்டது அணு விஞ்ஞானி என்றா நினைக்கிறீர்கள்? எருவைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரு விவசாயி! யார்க்‌ஷயரில் தாம்ப்சன் என்பவர், எருவின் சத்தை மழை அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று பயந்தார். மண் நிரப்பிய குழாயில் அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினார். அடியில் சொட்டியது என்ன தெரியுமா? ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். அம்மோனியத்தை மண் வைத்துக்கொண்டு கால்சியத்தைக் கையில் கொடுத்துவிட்டது! தாமஸ் வே என்ற வேதியியலாளர் வேறு பல உப்புகளையும் ஊற்றிப் பார்த்து, இது களிமண்ணின் வேலை என்று 1850-இல் எழுதினார். கதிரியக்கம் கண்டறியப்பட்டதோ 1896-இல்தான். எனக்கு அலுக்காத கதை இது.

சரி, சீசியத்துக்கு வருவோம். அது தன்னைச் சுற்றிய நீர்ப்போர்வையைச் சுலபமாக உதறிவிடும். இல்லைட் என்ற களிமண் கனிமத்தின் ஏடுகள் ஓரத்தில் கொஞ்சம் பிரிந்திருக்கும். போர்வையை உதறிய சீசியம் அங்கே கச்சிதமாகச் செருகிக்கொள்ளும். பிறகு லேசில் வராது. 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்துக்குப் பின் நிலத்தில் விழுந்த சீசியத்தில் பெரும்பகுதி மேல்மண்ணின் சில சென்டிமீட்டரிலேயே தங்கியது இதனால்தான். அணுக்கழிவிலுள்ள இன்னொரு தனிமமான ஸ்ட்ரான்சியம் அப்படி இல்லை, போர்வையை விடாது, பிடியும் தளர்வு.

ஒன்றை மறக்காதீர்கள்: களிமண் கதிரியக்கத்தை அழிப்பதில்லை, பிடித்து மட்டும் வைக்கிறது. சீசியம்-137 பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 ஆண்டு. ஆயிரத்தில் ஒரு பங்காக 300 ஆண்டு. அதுவரை அந்த மண்ணை யாராவது காக்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பெண்டோனைட் என்ற களிமண் ஊதிப் பெருத்துக் குழாயை அடைப்பது, உப்புநீரில் பொட்டாசியம் சீசியத்தோடு இடத்துக்குப் போட்டி போடுவது, எல்லாம் பாக்கி. டிரிட்டியம்? அது கதிரியக்க ஹைட்ரஜன், தண்ணீரின் மூலக்கூறிலேயே கலந்திருப்பது, களிமண்ணிடம் சிக்காது. வணக்கம்.