வாரிய உப்பு ஏன் நீர்விடுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். பிளஸ் ஒன் வேதியியல் படிக்கும் பிள்ளைகளே, இன்றைய பேச்சு முக்கியமாக உங்களுக்குத்தான்.

வாலிநோக்கம் உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்தித் தண்ணீர், உப்புச் செறிவை அளக்கும் பொமே மானியில் 25 டிகிரி காட்டும்போது உப்பு இறங்கத் தொடங்கும். 29-ஐத் தாண்டவிட்டு வாரினால் உப்பு கசக்கும். மழைக்காலத்தில் ஜாடிக்குள்ளேயே நீர்விடும். மக்னீசியம் கலந்துவிட்டதுதான் காரணம். மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை அப்படி இழுக்கும்.

தனிம அட்டவணையில் சோடியத்தின் அணு எண் 11, பக்கத்திலேயே மக்னீசியம் 12. அயனியான பிறகு இரண்டிலும் பத்து எலக்ட்ரான்தான். ஆனால் மக்னீசியத்தின் உட்கருவில் ஒரு புரோட்டான் கூடுதல். அது அந்தப் பத்தையும் இறுக்கிப் பிடிக்கிறது. சோடியம் அயனியின் ஆரம் 102 பிக்கோமீட்டர், மக்னீசியத்துக்கு 72. உருவம் சிறிது, மின்சுமையோ இரட்டிப்பு. தண்ணீர் மூலக்கூறை விடாமல் பற்றுவது அதனால்தான்.

"வலப்பக்கம் போகப் போக எலக்ட்ரான் கூடுகிறதே, அணு பெருக்காதா?" என்று பலர் தடுமாறுகிறார்கள். புது எலக்ட்ரான் அதே கூட்டில்தான் சேர்கிறது. உட்கருவின் இழுப்பு மட்டும் ஏறுகிறது. அதனால் அணு சுருங்குகிறது. கீழே இறங்கினால் கதை வேறு, ஒவ்வொரு படிக்கும் ஒரு புதுக் கூடு. அணு ஆரம் லித்தியத்துக்கு 152, சோடியத்துக்கு 186, பொட்டாசியத்துக்கு 227 பிக்கோமீட்டர். வெளி எலக்ட்ரான் தள்ளிப் போவதால், அதைப் பிடுங்கத் தேவைப்படும் அயனியாக்கும் ஆற்றலும் மோலுக்கு 520, 496, 419 கிலோஜூல் என்று குறைகிறது.

வலப்பக்கம் போனால் இந்த ஆற்றல் பொதுவாக ஏறும். ஆனால் மக்னீசியத்துக்கு 738, அடுத்த அலுமினியத்துக்கு 578 என்பதை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்யாதீர்கள். அலுமினியத்தின் கடைசி எலக்ட்ரான் மூன்றாம் கூட்டின் 3பி என்ற துணைக்கூட்டில் இருக்கிறது. மக்னீசியத்தின் கடைசி எலக்ட்ரான் இருக்கும் 3எஸ்-ஐ விட ஆற்றல் கூடிய இடம், எடுப்பது எளிது.

உப்பு வாரியபின் நிற்கும் கசப்பு நீரில் புரோமைடு உண்டு. அதில் குளோரினைச் செலுத்தித்தான் ஆலைகளில் புரோமின் எடுக்கிறார்கள். எலக்ட்ரானைப் பறிக்கும் வலு குளோரினுக்கு அதிகம். அயோடினால் இது நடக்காது. ஆசிரியர் பக்கத்தில் இருக்க, ஆய்வகத்தில் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் குளோரின் நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பழுப்பு நிறம் வரும். ஸ்டார்ச் கரைசல் ஒரு துளி சேர்த்தால் கருநீலம். குளோரின் நீரை மொத்தமாக ஊற்றிவிட்டால் அயோடின் அயோடேட்டாக மாறி, வந்த நிறமும் வெளுத்துப்போகும்.