ரோடு பைக்குக்குச் சக்கரம் வாங்கப் போறீங்களா? முதல்ல கம்பியை எண்ணுங்க

[காட்சி: கிழக்குக் கடற்கரைச் சாலை, விடியற்காலை. ஓடுற பின்சக்கரம் மட்டும் திரையில். திடீர்னு "டிங்" சத்தம்.]

இந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவங்களுக்கு இப்பவும் வயிறு கலங்கும். பின்சக்கரத்துல ஒரு ஸ்போக் கம்பி அறுந்த சத்தம்.

200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், ஓட்டிக்கிட்டு இருந்தேன். பதிமூணரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், கையில நேரம் தாராளமா இருந்துச்சு. மரக்காணம் உப்பளத்தைத் தாண்டி கொஞ்ச தூரம்தான், "டிங்". ஒரே ஒரு கம்பி. அதுக்கே ரிம் கோணிக்கிட்டு பிரேக் கட்டையில உரச ஆரம்பிச்சுது. பிரேக்கைத் திறந்துவிட்டுப் பார்த்தேன், இப்போ டயர் ஃப்ரேம்ல இடிக்குது. தள்ளிக்கிட்டே ஒரு சைக்கிள் கடை வாசலுக்குப் போனேன்.

கடைக்கார அண்ணன் சக்கரத்தைக் கையில வாங்கி ஒரு சுத்து விட்டார். அப்புறம் கம்பியை எண்ணினார். "என்ன தம்பி, இருபத்து நாலுதான் இருக்கு?" அறுந்த துண்டை உருவிப் பார்த்தார். "இதுக்கு வளைவே இல்லையே. தலை வளைஞ்ச கம்பின்னா ஏதாச்சும் ஒண்ணை மாட்டி உன்னை வீடு சேர்த்திருப்பேன். இது நேர் கம்பி. இதுக்கு நான் எங்க போவேன்?"

மீன் ஏத்திட்டு வந்த ஒரு குட்டியானையில சைக்கிளும் நானுமா ஊர் வந்து சேர்ந்தோம்.

அந்தச் சக்கரம் எந்தக் கம்பெனிங்கறது இங்க முக்கியமே இல்ல. அது பந்தயத்துக்குன்னே பண்ணின சக்கரம். பந்தயக்காரனுக்குப் பின்னாடி மாத்துச் சக்கரத்தோட கார் வரும். எனக்குப் பின்னாடி வந்தது மீன் வண்டி. தப்பான சாமானை வாங்கினது நான்தான்.

[காட்சி: பழைய கருப்பு ஹெர்குலிஸ் சைக்கிள், கேரியர்ல பால் கேன்.]

அந்த அண்ணன் ஏன் முதல்ல கம்பியை எண்ணினார்? அவர் கை பழகினது இந்த மாதிரி வண்டியில. இதுல முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பின்னால ஏன் எட்டு கூட? நம்ம எடையில பாதிக்கும் மேல பின்னாலதான் விழுது, அதுக்கு மேல பால் கேன் வேற. மிதிக்கிற விசையும் அங்கதான் போகுது. இங்கிலாந்துல இருந்து வந்த கணக்கு இது, நம்ம ஊர் மேடு பள்ளத்துல பல தலைமுறை ஓடிக் காட்டின கணக்கு. ரோடு பைக்குக்கு 40 தேவையில்ல. ஆனா எண்ணிப் பார்க்கிற அந்தப் பழக்கம் தேவை.

இப்போ கம்பி ஏன் அறுதுன்னு பார்ப்போம். இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

ரொம்ப இறுக்கினா அறுந்துடும்னு எல்லாரும் நினைக்கிறோம். நடைமுறையில அறுறது பெரும்பாலும் தளர்ந்த கம்பிதான். கொத்தனார் கட்டுக்கம்பியை எப்படித் துண்டாக்குவார்? இழுத்தா? இல்ல, இப்படியும் அப்படியும் நாலு தடவை வளைப்பார், பட்டுனு வந்துடும். சக்கரத்துல நடக்கிறதும் அதேதான், மெதுவா நடக்குது, அவ்வளவுதான். ஒவ்வொரு சுத்துலயும், ஒரு கம்பி தரைப்பக்கம் வரும்போது அதோட இறுக்கம் கொஞ்சம் குறையும், மேல போகும்போது திரும்ப ஏறும். ரோடு பைக் சக்கரத்தோட சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். அப்போ ஒரு கிலோமீட்டருக்கு 476 சுத்து. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 47 லட்சத்துக்கு மேல. அத்தனை தடவை தளர்ந்து இறுகுது. கம்பி நல்ல இறுக்கத்துல இருந்தா, குறைஞ்சாலும் விறைப்பாவே இருக்கும். ஏற்கெனவே தளர்வா இருந்தா, கீழ வரும்போது முழுசாத் தொளதொளத்துப் போகும், தலை வளைவு ஹப்புல, அதாவது சக்கரத்தோட நடுக்குடத்துல, ஆடும். ஒரு நாள் அந்த வளைவுலயே அறும்.

கம்பி எண்ணிக்கை கூடினா என்ன லாபம்? அதே எடையை நிறைய பேர் பங்கு போட்டுக்கிறாங்க, ஒவ்வொருத்தருக்கும் ஆட்டம் குறையுது. அது மட்டுமில்ல, 32-ல ஒண்ணு போனா சக்கரம் லேசாத்தான் கோணும். பிரேக்கைத் திறந்துவிட்டுட்டு மெதுவா வீடு வந்துடலாம். 24-ல ஒண்ணு போனா என்ன ஆகும்னு சொல்லிட்டேன்.

என் கணக்கு இது. 70 கிலோவுக்குக் கீழ இருக்கீங்களா, ரெண்டு பக்கமும் 28 போதும். அதுக்கு மேலன்னா முன்னால 28, பின்னால 32. 90 தாண்டினவங்க, இல்ல பை கட்டிக்கிட்டு ஊர் சுத்துறவங்க, பின்னால 36-ஐ யோசிங்க. நம்ம ஊர் வேகத்தடையைப் பார்த்துப் பார்த்து வந்த கணக்கு, யாரும் சண்டைக்கு வராதீங்க.

[காட்சி: மேசை மேல ரெண்டு கம்பி. கேமரா நெருங்குது.]

ரெண்டும் ஒரே மாதிரி தெரியுதா? ஒண்ணு முழு நீளமும் 2 மில்லிமீட்டர். இன்னொண்ணு ரெண்டு முனையிலயும் 2, நடுவுல மட்டும் 1.8. டிடி ஸ்விஸ் காம்பெடிஷன், சாபிம் ரேஸ் ரெண்டும் இந்த வகை. நடுவுல ஒல்லியா இருக்கே, இது சீக்கிரம் போயிடாதா? தலைகீழ். ஒல்லியான நடுப்பகுதி ரப்பர் மாதிரி கொஞ்சம் கூட நீண்டு கொடுக்கும். குழியில இறங்கும்போது அந்த நீட்சியில கொஞ்சம் மீதி இருக்கிறதால கம்பி முழுசாத் தளர்ந்து போகாது. வளைவு மேல விழுற அடி குறையும். கொஞ்சம் விலை கூட, ஆனா சக்கரத்துல காசு கூடப் போடத் தகுதியான இடம் இதுதான். தலை வளைஞ்ச கம்பியாவே கேளுங்க. தட்டையான கம்பி, நேர் கம்பி எல்லாம் கண்ணுக்கு அழகு, மரக்காணத்துல கிடைக்காது.

நிப்பிள், அதாவது கம்பியை ரிம்முல பிடிச்சு இறுக்குற குட்டி நட்டு, பித்தளையில இருக்கட்டும். அலுமினிய நிப்பிள் போட்டா ஜோடிக்கு 40 கிராம் மாதிரி மிச்சம் ஆகும். ஆனா கடலோரக் காத்துல உப்பு ஏறினா, எஃகுக் கம்பியும் அலுமினியமும் ஒட்டின இடம் அரிச்சு வெள்ளைப் பொடியாக் கிடக்கும். கோட்டம் எடுக்கலாம்னு ஸ்பேனரை வச்சா நிப்பிள் உடைஞ்சு கையில வரும்.

சரி, எடை. கடைக்குப் போனா முதல்ல சொல்றது அதைத்தான், "சார் இது 1,500 கிராம்தான்". நம்ம சக்கரம் 1,900 கிராம்னு வைப்போம். வித்தியாசம் 400 கிராம். கொல்லிமலைக்குப் போவோம், 70 கொண்டை ஊசி வளைவு. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு 400 கிராமைத் தூக்க சுமார் 3,900 ஜூல் ஆகும். 200 வாட்ல மிதிக்கிற ஆளுக்கு அது 20 வினாடி. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோன்னா அந்த ஏற்றம் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல எடுக்கும். அதுல 20 வினாடி. மேல போய் டீ ஆறுறதுக்குள்ள போயிடும். சமதரையில ஒரே வேகத்துல ஓடும்போது இந்த 400 கிராம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நின்னு கிளம்பும்போது, ஸ்பிரின்ட் அடிக்கும்போது சக்கரத்தோட எடை ரெண்டு மடங்கா உணரும்னு சொல்வாங்க. ரிம், டயர் பக்கத்து எடைக்கு அது கிட்டத்தட்ட உண்மைதான், ஆனா 400-ஐ இரட்டிச்சாலும் 80 கிலோவுக்கு முன்னாடி அது ஒரு சதவீதம்.

கார்பன் சக்கரம் பத்திக் கேப்பீங்க. டிஸ்க் பிரேக் வண்டியா, காசு இருக்கா, வாங்கிக்குங்க, வேகம் நிஜமாவே கொஞ்சம் கூடும். ரிம் பிரேக் வண்டியில கார்பன் ரிம்மோட ஊட்டி கல்லட்டி மலைப்பாதையில இறங்குறவங்களைப் பார்த்தா எனக்குத்தான் பயமா இருக்கு. 36 வளைவும் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்கணும், அந்தச் சூடெல்லாம் கார்பனை ஒட்டிப் பிடிச்சிருக்கிற பிசின்ல ஏறும்.

[காட்சி: பிரிச்ச ஹப். கிரீஸ், குண்டு, கோன்.]

ஹப். ஹப்புல ரெண்டு சாதி. ஒண்ணு நம்ம பழைய சைக்கிள் மாதிரியே கப்பு, கோன், நடுவுல பால்ரஸ் குண்டு. ஷிமானோ 105 ஹப் இப்படித்தான். பின்னால பக்கத்துக்கு 9 குண்டு, கால் இஞ்ச் அளவு. எந்தச் சைக்கிள் கடை டப்பாவுலயும் அது கிடக்கும். மெல்லிசான கோன் ஸ்பேனர் ரெண்டு, கொஞ்சம் கிரீஸ், ஒரு ஞாயித்துக்கிழமை காலை, இவ்வளவுதான் செலவு. ஆனா ஒரு கண்டிப்பு உண்டு. கிரீஸ் காஞ்சு போய், மணல் புகுந்து, கப்புல குழி விழுந்துட்டா ஹப் முடிஞ்சுது. கோனை மாத்தலாம், குண்டை மாத்தலாம், கப்பு ஹப்போட ஒட்டினது. அதனால மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை பிரிச்சே ஆகணும்.

இன்னொரு சாதி, சீல் பேரிங். இதுல ஹப்பைக் கவனிக்காம விட்டாலும் ஹப் சாகாது, பேரிங்தான் சாகும். அதைத் தட்டி எடுத்துட்டுப் புதுசு போடலாம். ஒரே ஒரு விஷயம் பாருங்க, உள்ள இருக்கிற பேரிங் எல்லா ஊர்லயும் கிடைக்கிற எண்ணா இருக்கணும். உதாரணத்துக்கு 6902: உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர். மோட்டார் ரிப்பேர் கடைக்காரங்க வாங்குற அதே பேரிங் கடையில போய் எண்ணைச் சொன்னா எடுத்துக் கொடுப்பாங்க. கையில கிரீஸ் பட்டா பிடிக்காதவங்க இதை வாங்குங்க. நான் கப்பு கோன் ஆளு.

அளவுகளைச் சட்டுனு சொல்லிடுறேன். ரிம் பிரேக் ரோடு பைக்குக்குப் பின் ஹப் 130 மில்லிமீட்டர், டிஸ்க்குக்குப் பெரும்பாலும் 142, அச்சு 12. பதினொரு பல்சக்கர ஷிமானோ கேசட் (பின்சக்கரத்துல இருக்கிற பல்சக்கர அடுக்கு) பழைய ஹப்புல ஏறாது, 1.85 மில்லிமீட்டர் கூட வேணும். புது ஹப்புல பழைய பத்து பல்சக்கர கேசட் ஏறும், அதே அளவுல ஒரு வளையம் வைக்கணும்.

ரிம்முக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். ரிம் பிரேக்ல ரிம்ங்கறது பிரேக் கட்டை மாதிரி, தேய்ஞ்சு போற சாமான். ஐப்பசி மழையில மணலோட பிரேக் பிடிச்சா இன்னும் வேகமாத் தேயும். ஸ்டீல் ஸ்கேலை ரிம் பக்கவாட்டுல வச்சுப் பாருங்க, நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா மாத்துற நேரம் வந்தாச்சு. டிடி ஸ்விஸ் ஆர் 460 மாதிரி சாதாரண அலுமினிய ரிம், ஓட்டையைச் சுத்தி விரிசல் இல்லாம இருந்தா சரி. கிடைச்சா, பின்சக்கரத்துக்கு ஓட்டை நடுவுல இல்லாம ஒரு ஓரமாத் தள்ளிப் போட்ட ரிம் வாங்குங்க. காரணம் இப்போ சொல்றேன். டயர் 28 மில்லிமீட்டர் அகலத்துல போடுங்க, ரிம்மோட பாதி அடியை அது வாங்கிக்கும்.

[காட்சி: சக்கரம் ஸ்டாண்டுல. ஒரு விரல் ஒவ்வொரு கம்பியாச் சுண்டுது.]

கேட்டீங்களா? ஒண்ணு "ணிங்", அடுத்தது "டொய்ங்", மறுபடி "ணிங்". புதுச் சக்கரம் இது, பெட்டியில இருந்து இப்பத்தான் எடுத்தேன். நேரா ஓடுது, கண்ணுக்கு ஒரு கோட்டமும் இல்ல. ஆனா உள்ள சில கம்பி உயிரைக் கொடுத்து இழுக்குது, சிலது சும்மா நிக்குது. ஆறு மாசத்துல அந்தச் சும்மா நிக்கிறதுதான் அறும்.

பின்சக்கரத்துல ஒரு பிறவிக் கோளாறு உண்டு. வலது பக்கம் கேசட் இடத்தைப் பிடிச்சுக்குது. அதனால வலது கம்பிகள் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிக்கும், இடது கம்பிகள் சாய்ஞ்சு இழுக்கும். ரிம் நடுவுல நிக்கணும்னா வலதை 100 - 120 கிலோ இறுக்கத்துக்குக் கொண்டு போகணும், இடது அதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வரும். தளர்ந்தது எது? இடது. அதுக்குத்தான் ஓட்டையை இடது பக்கம் தள்ளிப் போட்ட ரிம். இடது கம்பியோட சாய்வு குறையும், இறுக்கம் ஏறும்.

அதனால ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் வரணும்னு எதிர்பார்க்காதீங்க. ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒண்ணுக்கொண்ணு சேரணும். மிருதங்கக்காரர் கல்லை வச்சு விளிம்பு முழுக்கத் தட்டித் தட்டி எல்லா இடமும் ஒரே சுருதிக்கு வர்ற வரைக்கும் விடமாட்டார் இல்லையா, சக்கரம் கட்டுறதும் அந்த வேலைதான். நல்லாக் கட்டுறவர் இன்னொண்ணும் செய்வார். கம்பிகளை ரெண்டு ரெண்டாச் சேர்த்துப் பிடிச்சு பலமா அமுக்குவார், வளைவு ஹப்புல நல்லாப் படியணும்னு. அப்புறம் திரும்பவும் கோட்டம் எடுப்பார். அவர்கிட்ட இறுக்கம் அளக்கிற மீட்டர் இருக்கான்னு கேளுங்க. 300 கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, திரும்பப் பார்த்துடலாம்னு அவராச் சொன்னா, ஆளு சரி.

காசை எப்படிப் பிரிக்கிறதுன்னா, கட்டுற கைக்குத்தான் முதல் பங்கு. அடுத்தது கம்பி, அப்புறம் ஹப். மிச்சம் இருக்கிறது ரிம்முக்கு, அதுதான் முதல்ல போகப் போகுது. ரெடிமேட் சக்கரம்தான் கட்டுப்படி ஆகுதுன்னா, தலை வளைஞ்ச கம்பி போட்டதா வாங்கி, ஓட்டுறதுக்கு முன்னாடியே இப்படிச் சக்கரம் கட்டுறவர்கிட்ட கொடுத்து ஒரு தடவை இறுக்கம் சமன் பண்ணிடுங்க. அந்தக் கூலியில பேரம் பேசாதீங்க.

[காட்சி: சீட் போஸ்ட்டை உருவி, உள்ள இருந்து காகிதத்துல சுத்தின கம்பிகளை எடுக்கிறது.]

கட்டி முடிச்சதும் மிச்சக் கம்பியைக் கேட்டு வாங்கிக்குங்க. முன்சக்கரம், பின் வலது, பின் இடது, பெரும்பாலும் மூணும் மூணு நீளம். ஒவ்வொண்ணுலயும் டேப் ஒட்டி எதுக்குன்னு எழுதுங்க. நான் முதல்ல எழுதல, இருட்டுல ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க உட்கார்ந்த கதை தனி. வலது பக்கம் போனா கேசட்டைக் கழட்டணும், அதுக்குக் கருவி தூக்கிட்டுப் போக முடியாது. அதனால கெவ்லார் கயிறு ஒரு முழம் கூட வச்சிருக்கேன், கம்பிக்குப் பதிலா இழுத்துக் கட்டி ஊர் சேர்ற அளவுக்குத் தாங்கும்.