சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்

(போன ஞாயித்துக்கிழமை நம்ம ஆலய பிரதிஷ்டை பண்டிகை கூட்டத்துல நான் பேசினத எழுதிப் போடச் சொல்லி ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. மைக் நடுவுல மக்கர் பண்ணதுல பின்வரிசைக்கு பாதி கேக்கலையாம். ஞாபகம் இருக்கிறத வச்சு எழுதுறேன், கூடக்கொறைச்ச இருக்கும்.)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

மேடையில வீற்றிருக்கிற நம்ம சபைகுரு ஐயர் அவர்களே, அம்மா அவர்களே, உடம்புக்கு முடியாம இருந்தும் கைத்தடியோட வந்து முன்னாடி உக்காந்திருக்கிற பெரிய உபதேசியார் அவர்களே, சேகர கமிட்டி செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அழைப்ப மதிச்சு வந்திருக்கிற ஊராட்சித் தலைவர் அவர்களே, நோன்பு கஞ்சிக்கு வருஷா வருஷம் நமக்கும் ஒரு தூக்கு அனுப்புற ஜமாத் தலைவர் பாய் அவர்களே, மாரியம்மன் கோயில் நாட்டாமை ஐயா அவர்களே, பாட்டு பாடின வாலிபர் சங்க பிள்ளைகளே, பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா தங்கச்சிங்களே, யார் பேராவது விட்டிருந்தா கோவிச்சுக்காதீங்க, கொடுத்த துண்டு பேப்பர்ல மழைத்தண்ணி பட்டு கடைசி ரெண்டு வரி அழிஞ்சிபோச்சு.

பொன்னாடை போட்டீங்க, நன்றி. இதோட என் வீட்டுல 9 பொன்னாடை. குளிச்சிட்டு தலை துவட்டலாம்னா அது ஈரத்தையும் உறிஞ்சாது. அடுத்த தடவை ஒரு ஈரிழைத் துண்டு போட்டா வீட்டுக்காரம்மா சந்தோஷப்படுவாங்க.

எனக்கு கொடுத்த தலைப்பு 'தேவனோடு நெருக்கம், தேவ பிரசன்னத்தை பிரதிபலித்தல்'. நான் வேதாகமக் கல்லூரி படிச்சவன் இல்ல. 31 வருஷம் ஆத்துல லஸ்கரா இருந்தவன், ஷட்டர் தூக்குறதும் எறக்குறதும்தான் தொழில். ஐயர் ஏன் என்ன கூப்பிட்டாருன்னு தெரியல. இருந்தாலும் மூணு காரியம் சொல்லலாம்னு எழுதிட்டு வந்திருக்கேன். ஒண்ணு ஜெபம், ரெண்டு வசனம், மூணு ஐக்கியம். இந்த மூணையும் ஒரே பழமொழியில எங்க அப்பா சொல்லுவாரு, சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும். அவரும் லஸ்கர்தான். எதுக்கெடுத்தாலும் இதத்தான் சொல்லுவாரு, பரீட்சையில கம்மி மார்க் வாங்கினாலும் இதான், மேட்டூர்ல தண்ணி இல்லைன்னாலும் இதான்.

முதல்ல ஜெபம். ராத்திரி ரெகுலேட்டர்ல, அதான் ஆத்துத் தண்ணிய ஷட்டர் போட்டு தடுத்து விடுற எடத்துல, தனியா காவல் இருந்தவங்களுக்கு தெரியும், ஷட்டர் தூக்கியிருந்தா ஒரே இரைச்சல், பக்கத்துல ஆள் கூப்பிட்டாலும் கேக்காது, தண்ணி சுழிச்சுக்கிட்டு போகும், டார்ச் அடிச்சா வெறும் நுரைதான். எல்லாத்தையும் எறக்கிட்டு ஒரு அரை மணி நேரம் சும்மா உக்காந்தா மேல் பக்கம் தண்ணி அப்படியே நின்னுடும், அப்ப குனிஞ்சு பாத்தா நிலா இருக்கும், நட்சத்திரம் இருக்கும், குனிஞ்சு பாக்குறவன் மூஞ்சியும் இருக்கும். 'நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்'னு 46ஆம் சங்கீதத்துல வருதே, அதுக்கு எனக்கு கிடைச்ச வியாக்கியானம் அதுதான். நாம ஜெபம்னா ஷட்டர் முழுசா தூக்கி விடுறோம், ஆண்டவரே அதக் கொடும் இதக் கொடும்னு ஒரே இரைச்சல், அவரு பதில் சொன்னாலும் நமக்கு எங்க கேக்கும்? இந்த எடத்துல ஸ்பீக்கர் சத்தத்தப் பத்தியும் சொல்லணும்னு இருந்தேன், ஸ்பீக்கர் செட்டுக்காரத் தம்பி மொறைக்கிறாரு, அத விட்டுடுறேன்.

இப்ப ஒரு சாட்சி சொல்லணும். சாட்சின்னா பெரும்பாலும் நாம ஜெயிச்ச கதையத்தான் சொல்லுவோம், இது நான் தோத்த கதை.

2002ஆம் வருஷம் ஞாபகம் இருக்கா? ஜூன் 12 மேட்டூர தொறக்கல, குறுவை போச்சு, சம்பாவுக்கும் தண்ணி முறை வச்சுத்தான் விட்டாங்க, மேல்மடைக்கு 3 நாள், கடைமடைக்கு 3 நாள். எங்க மடைக்கு கீழ முக்கா ஏக்கர் வச்சிருந்த ஒரு அக்கா, வீட்டுக்காரர் இல்ல, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. தெனம் சாயங்காலம் வரப்பு மேலயே நடந்து வந்து மதகு கட்டையில உக்காந்து "தம்பி, தண்ணி வருதா?"ன்னு கேக்கும். "நாளைக்கு வரும்க்கா"ம்பேன். மேல்மடையில 18 ஏக்கர் வச்சிருந்த ஒரு பெரிய மனுஷன் (நம்ம ஊர் இல்ல, யாரும் திரும்பி பக்கத்துல பாக்காதீங்க) ஒருநாள் சைக்கிள்ல வந்து இறங்கி, 200 ரூபாயும் கால் கட்டுன ஒரு சேவலும் கொடுத்து, "இன்னும் ரெண்டு நாள் கீழ்ஷட்டர எறக்கியே வையி தம்பி, என் நாத்து காயுது"ன்னாரு. வாங்கிட்டேன். வாங்கிட்டேங்க. சம்பளம் ரெண்டு மாசமா வரல, அது இதுன்னு மனசுக்குள்ள நூறு சாக்கு.

சேவல ஞாயித்துக்கிழமை அடிச்சு கொழம்பு வைக்கலாம்னு கொல்லையில கட்டிப் போட்டேன். நல்ல கருஞ்சேவல், கழுத்துல செம்பட்டை. அது என்ன சாதியோ தெரியல, ராத்திரி 2 மணிக்கு கூவ ஆரம்பிச்சுது. சரி, பழகாத எடம், கத்துதுன்னு பாத்தா 3 மணிக்கு மறுபடி. இயேசுவ தெரியாதுன்னு மறுதலிச்ச பேதுருவுக்கு சேவல் ரெண்டு தடவையோட விட்டுது, எனக்கு விடிய விடிய. நாலாவது தடவை கூவுனப்ப எங்க வீட்டுக்காரம்மா தலைமாட்டுல எந்திரிச்சு உக்காந்துகிட்டு, "பேதுருவே, எந்திரிங்க, ஒங்களத்தான் கூப்பிடுது"ங்குறாங்க. (இங்க எல்லாரும் சிரிச்சாங்க, எங்க வீட்டுக்காரம்மாவத் தவிர.) அவங்களுக்கு விஷயம் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், 200 ரூபாய அரிசிப் பானைக்குள்ள வச்சா பொம்பளைங்க கண்ணுக்கு தெரியாதா?

அன்னைக்கு சாயங்காலம் அந்த அக்கா வந்துச்சு. "தண்ணி வருதா தம்பி?" நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அதுவே சொல்லுது, "மேல்மடைக்காரங்க காசு கொடுத்து அடைச்சிட்டாங்கன்னு ஊருல சொல்றாங்க. நான் நம்பல. நீ கோயிலுக்குப் போற புள்ள, பொய் சொல்லமாட்ட." மாரியம்மனுக்கு தீ மிதிக்கிற பொம்பள அது, நம்ம ஆளு இல்ல. நம்ம ஆண்டவர நம்பாத பொம்பள, நம்ம ஆண்டவர நம்புறவன்னு என்ன நம்புது. மடியில முந்திரிக்கொட்ட சுட்டது ஒரு கைப்பிடி வச்சிருந்துச்சு, எங்கிட்ட கொடுத்துட்டு போயிடுச்சு. நான் அதக் கையில வச்சுக்கிட்டு இருட்டுற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு அப்பா சொன்னப்பல்லாம் சட்டியில இல்லாதத நெனச்சுத்தான் வெக்கப்பட்டிருக்கேன், அன்னைக்கு சட்டியில என்ன இருந்துச்சுன்னு நெனச்சு வெக்கப்பட்டேன்.

ராத்திரி 11 மணிக்கு போயி ஷட்டர் கைப்பிடிய சுத்தினேன். கிரீஸ் இல்ல, கையில தோல் உரிஞ்சிபோச்சு. தண்ணி எறங்குற சத்தம் கேட்டதும் கீழ ஒரு லாந்தர் அசையுது, அது வாய்க்கா ஓரமாவே நடந்து வருது, தண்ணி கூடவே. அந்த அக்காதான். மறுநாள் 200 ரூபாயயும் சேவலயும் கொண்டுபோயி கொடுத்தேன். அந்த பெரிய மனுஷன் திட்டல, "கொழம்பு வச்சிருக்கலாமே தம்பி, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்"னாரு, அது இன்னும் வலிச்சுது. நாலு நாள் கழிச்சு அக்கா என் மூஞ்சிய பாத்துட்டு, "இன்னைக்குத்தான் தம்பி ஒழுங்கா தூங்கியிருக்க"ன்னுச்சு. அவ்வளவுதான், அது ஒண்ணும் ஞானஸ்நானம் எடுக்கல, நானும் கேக்கல.

இது புதுசு இல்ல. நம்ம பக்கத்துல, இதோ கூப்பிடு தூரத்துல தரங்கம்பாடி. 1706ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் அங்க எறங்கினாரு. புதிய ஏற்பாட்ட தமிழ்ல அச்சு போட்டாரு, 1718ல புதிய எருசலேம் ஆலயத்த கட்டினாரு, எல்லாருக்கும் தெரியும், பிள்ளைங்க வினாடி வினாவுலயே சொல்லிடும். ஆனா அவரு ஜெயிலுக்குப் போனாரே, ஏன்னு எத்தன பேருக்குத் தெரியும்? செத்துப்போன ஒரு நாவிதரோட விதவை, கடன் வழக்கு, அந்த அம்மா பக்கம் பேசப்போயி டேனிஷ் கோட்டைத் தலைவனோட மோதல் ஆகி, 4 மாசம் உள்ள வச்சிட்டாங்க. அவரு ஒரு விதவைக்காக கோட்டைக்காரன எதுத்தாரு, நான் ஒரு விதவைக்கு எதிரா ஒரு சேவல வாங்கினேன். ஆலயத்த சுத்திப் பாக்கப் போறப்ப இந்த கதையையும் பிள்ளைங்களுக்கு சொல்லுங்க, கடல் காத்துல ஐஸ்கிரீம் மட்டும் வாங்கிக் கொடுத்து கூட்டிட்டு வந்துடாதீங்க.

அவருக்குப் பின்னால வந்த இன்னொரு மிஷனரி, தஞ்சாவூர்ல சுவார்ட்ஸ் ஐயர். ஐதர் அலி படை வந்து நாடே பஞ்சத்துல கிடந்தப்ப கோட்டைக்குள்ள சோத்துக்கு வழியில்ல. வெளிய நெல்லு இருக்கு, ஆனா சனங்க கொண்டுவர மாட்டேங்குது, ஏன்னா ஏற்கனவே வாங்கினதுக்கு காசு வரல, ராஜா சொன்னாலும் நம்பல. சுவார்ட்ஸ் ஐயர் நான் பொறுப்புன்னு சொன்னாரு, கொஞ்ச நாள்ல ஆயிரம் மாடும் 80,000 கலம் நெல்லும் வந்து சேந்துச்சு. 80,000 கலம்! கலம்னா என்னன்னு விவசாயிக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்த சனத்துல முக்காவாசிப்பேர் கிறிஸ்தவங்க இல்ல. அவரு பிரசங்கம் பண்ணி அந்த நெல்லு வரல, அவரு சொன்னா சொன்னதுதான்னு நம்பி வந்துச்சு. பிரசன்னத்தை பிரதிபலிக்கிறதுன்னா என்னன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கீங்களே, அது அந்த மாட்டு வண்டி வரிசை.

சரி, ரெண்டாவது வசனம். மோசே தேவனோட பேசிட்டு சீனாய் மலையிலேர்ந்து எறங்கி வர்றப்ப முகம் பிரகாசிச்சுது, யாத்திராகமம் 34. அதுல ஒரு வார்த்தை இருக்கு, அவசரமா வாசிச்சா தவறிடும். தன் முகம் பிரகாசிக்கிறது மோசேக்கே தெரியாது. பாத்தவங்கதான் பயந்தாங்க. அவருக்கே தெரியல! நாம என்ன பண்றோம்? பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஆலயம் வரைக்கும் நான் நடந்து வந்தேன், எண்ணிக்கிட்டே வந்தேன், 14 ஃப்ளெக்ஸ். கமிட்டி பெரியவங்க கோவிச்சுக்கக் கூடாது, ஊராட்சித் தலைவர் அவர்களும் கோவிச்சுக்கக் கூடாது, அவரு படம் நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா இயேசுநாதர் படம் ஒரு ஓரத்துல அஞ்சல்தலை சைசுல இருக்கு, நாம கும்பிட்டுக்கிட்டு ஆள் உயரத்துக்கு நிக்கிறோம். போன வருஷ ஃப்ளெக்ஸ்ல என் படமும் போட்டாங்க, நானும் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன், மறைக்க மாட்டேன். இப்ப அது எங்க இருக்கு தெரியுமா? எங்க தெருக்கடைசியில ஒரு ஆட்டுக்கொட்டகைக்கு கூரை. மழை பேஞ்சா என் கன்னத்து வழியா ஒழுகுது. ஒரு கெடா கொம்பால குத்தி மூக்குல ஓட்டை. மோசே முகத்துக்கு முக்காடு போட்டாரு, என் முகம் ஆட்டுக்கு முக்காடு.

இன்னொரு போன வருஷ ஃப்ளெக்ஸ் நம்ம ஆலயத்து பின்னால குளத்துல கிடக்கு. இப்பத்தான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கே வர்றேன். வயசானவங்கள கேக்குறேன், நாம சின்னப் பிள்ளையா இருந்தப்ப அந்தக் குளம் எப்படி இருந்துச்சு? காலையில மொத மணி அடிக்கிறப்ப படித்துறையில உக்காந்தா கோபுரமும் சிலுவையும் தலைகீழா முழுசா தண்ணிக்குள்ள தெரியும். கெண்டை துள்ளுனா சிலுவை ஆடும், அப்புறம் ஒண்ணு சேரும். உபதேசியார் ஐயா தலையாட்டுறாரு பாருங்க. இன்னைக்கு போயி பாருங்க, ஆகாயத்தாமரை, கரை முழுக்க நெய்வேலி காட்டாமணக்கு, நடுவுல ஒரு சாக்கட மேடு, அதுமேல ஃப்ளெக்ஸ்ல ஒருத்தர் கும்பிட்டுக்கிட்டு மல்லாக்க கிடக்காரு. கோபுரம் அங்கதான் நிக்குது, ஒரு இஞ்சு நகரல. குளத்துலதான் தெரியல. மேட்டூர்ல 120 அடி நின்னாலும் வீரசோழன் ஆத்து கடைமடையில தூர் எடுக்காம கிடந்தா நம்ம வயலுக்கு என்ன வந்துடப்போகுது? எங்க அப்பா இருந்திருந்தா இதுக்கும் சட்டி அகப்பைன்னு ஆரம்பிச்சிருப்பாரு, நான் சொல்லுவேன், அப்பா, சட்டியில நிறைய இருக்கு, நம்ம அகப்பைதான் ஓட்டை.

அதனால கமிட்டிக்கு பகிரங்கமா ஒரு விண்ணப்பம். அடுத்த வருஷம் பண்டிகைக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கூட வேணாம். ஒரு பேனருக்கு ஆயிரத்துக்கு கொறையாம ஆகுது, 14க்கு கணக்குப் போடுங்க பொருளாளர் அவர்களே, அந்த காச ஜேசிபிக்கு கொடுங்க, ஒரு நாள் முழுக்க ஓட்டலாம். வண்டல் மண்ண பாய் வயலுக்கும் நாட்டாமை ஐயா தென்னந்தோப்புக்கும் எடுத்துக்கட்டும், அவங்க ரெண்டு பேரும் டிராக்டர் தர்றேன்னு மேடைக்கு ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க, இது சபையாருக்கு இப்பத்தான் தெரியும், ஐயருக்கும் இப்பத்தான் தெரியும். ஊராட்சித் தலைவர் அவர்கள் அனுமதி விஷயத்த பாத்துக்கணும், அவரு சிரிக்கிறாரு, சிரிப்ப சம்மதம்னு எழுதிக்கங்க செயலாளர் அவர்களே. 'தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்'னு யோவான் எழுதியிருக்காரு. அந்தக் குளத்துக்கு கெழக்கால இருக்கிற நாலு தெருவுக்கும் அடிபம்புல உப்புத்தண்ணி வருது, குளம் நெறைஞ்சிருந்த காலத்துல அப்படி வரல, அங்க இருக்கிறவங்க நம்ம சபை இல்லைன்னு யாரும் எங்கிட்ட வந்து சொல்லக்கூடாது.

ஜேசிபி வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். வர்ற சனிக்கிழமை காலையில 6 மணிக்கு நான் படித்துறைக்கு போறேன். வாலிபர் சங்கத்துப் பிள்ளைங்க மண்வெட்டி, அருவா, பழைய சாக்கு எடுத்துட்டு வாங்க. ஆகாயத்தாமரைய கையாலயே இழுத்துடலாம், வேர் ஆழம் போகாது. காட்டாமணக்க வெட்டினா போதாது, தூரோட பறிக்கணும், அதுக்கு கடப்பாரை வேணும், என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. டீயும் பன்னும் என் செலவு. பொன்னாடை 9 இருக்கு, தலைப்பா கட்டிக்க கொண்டு வர்றேன்.

மூணாவது ஐக்கியம்னு சொன்னேன், ஐயர் கடிகாரத்த பாக்குறாரு, பின்னாடி பிரியாணி தம் போட்டு வாசனை வேற வருது. உக்காந்துடுறேன். ஸ்தோத்திரம்.