திட்டுகிறவருக்கு முதலில் சுகர் பாருங்கள்

பொறுமைதான் நர்ஸுக்கு அழகு, சிரித்த முகமாக இருங்கள் என்பதையெல்லாம் நர்சிங் கல்லூரி விளக்கேற்றும் விழாவிலேயே கேட்டிருப்பீர்கள், நான் அதைச் சொல்ல வரவில்லை. ஒரு நோயாளி திடீரென்று உங்களைத் திட்டினால், அதைக் காய்ச்சலைப் பார்ப்பது போலப் பாருங்கள். உடம்பு சுடுகிறதே என்று யாரும் நோயாளியிடம் கோபித்துக்கொள்வதில்லை, ஏன் சுடுகிறது என்றுதானே தேடுகிறோம்?

நைட் டியூட்டி, ஆண்கள் மெடிக்கல் வார்டு. சாயங்காலம் "சாப்பிட்டியாம்மா" என்று விசாரித்த பெரியவர், விடியற்காலை மூன்று மணிக்குப் போர்வையை உதறிவிட்டு, காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகளாகச் சொல்லி, பி.பி. பார்க்கப் போன கையைத் தட்டிவிடுகிறார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது. ராத்திரி இன்சுலின் போட்டாயிற்று, ஆனால் இட்லியைப் பிட்டுப் பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிட்டார், அதை யாரும் கவனிக்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 48, ரொம்பக் குறைவு. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, 25% டெக்ஸ்ட்ரோஸ் என்கிற சர்க்கரைக் கரைசல் நரம்பில் ஏறிய சில நிமிடத்தில் அதே மனிதர், "என்னம்மா, ஏன் எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கிறீங்க?" என்பார். திட்டியது அவருக்கு நினைவிலேயே இருக்காது.

சுகர் மட்டுமில்லை. ஆக்சிஜன் குறையும்போது, உதடு நீலமாவதற்கு முன்னாலேயே ஆள் நிலைகொள்ளாமல் சண்டை பிடிப்பார், அந்த நேரத்தில் தூங்க ஊசி போட்டு அடக்கலாமா என்று கேட்பது ஆபத்து. ஆபரேஷன் முடிந்த தாத்தா கத்துகிறாரா, அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், சிறுநீர் கட்டி நிற்கலாம். அப்புறம் குடி. கால் முறிந்து ஆர்த்தோ வார்டில் சேர்ந்தவர் முதல் நாள் தங்கமான ஆள், மூன்றாம் நாள் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஓடுகிறது என்று அடிக்க வருகிறார். சேர்க்கும்போது குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டிருப்போம், மாமியார் பக்கத்தில் நின்றதால் இல்லை என்றிருப்பார். குடியை நிறுத்தி 48 முதல் 72 மணி நேரத்தில் வருகிற டெலிரியம், அதாவது புத்தி தடுமாற்றம் இது, கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டு வைத்தியம் பார்க்காமல் விட்டால் உயிரே போகலாம்.

சரி, நோயாளியோடு கூட வந்திருக்கிற அட்டெண்டர்கள். அவர்கள் திட்டுவது பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்லாததால். "டாக்டர் வருவார், வெயிட் பண்ணுங்க" என்பதைப் போல எரிச்சல் மூட்டுகிற பதில் வேறில்லை. "சர்ஜன் தியேட்டரில் இருக்கிறார், வர ஒரு மணி நேரமாவது ஆகும், அதுவரை அரை மணிக்கு ஒருதரம் நானே வந்து பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி போய்ப் பாருங்கள். முடியாததை வாக்குக் கொடுக்காதீர்கள். ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கில் போதனை மருத்துவமனை வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும், அப்படி ஒரு வார்டைப் பார்த்தவர்கள் இருந்தால் எனக்கும் காட்டுங்கள்.

ஆனால் எல்லாமே நோயும் இல்லை. சுகர், ஆக்சிஜன் எல்லாம் சரியாக இருந்து, முழு நினைவோடு ஊசி போடும்போது கையைப் பிடித்து இழுக்கிறவன், "நீ என்ன ஆளு" என்று சாதி கேட்கிறவன் இருக்கிறானே, அவனிடம் சிரிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "கையை எடுங்க" என்று பக்கத்து பெட்டுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். அடிக்கிற மாதிரி வந்தால் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு நிற்காதீர்கள், பிடித்து இழுக்க வசதியாகிவிடும், கதவு உங்களுக்குப் பக்கமாக இருக்கட்டும், செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று தமிழ்நாட்டில் 2008லேயே சட்டம் வந்துவிட்டது, டாக்டர்களுக்கு மட்டுமல்ல, நர்ஸ்களுக்கும்தான். விட்டுவிடும்மா, பெரிசு பண்ணாதே என்று மேலே இருப்பவர்களே சொல்வார்கள். அப்போது கையில் இருக்க வேண்டியது எழுத்து. "மோசமாக நடந்துகொண்டார்" என்று எழுதினால் பயனில்லை, எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

டியூட்டி மாற்றும்போதும் அப்படித்தான். "ஒன்பதாம் பெட் ஒரே ரோதனை" என்று சொல்லிவிட்டுப் போனால் அடுத்து வருகிற பெண் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டாள். "மூன்று மணிக்குக் குழப்பமாக இருந்தார், சுகர் 48, டெக்ஸ்ட்ரோஸ் போட்டபின் 130, இன்னொருதரம் இறங்கலாம், அடிக்கடி பார்க்கணும்" என்று சொல்லுங்கள். இனி நீங்கள் கேளுங்கள். கடைசி வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம், அங்கேதான் ரொம்ப நேரமாகச் சிரிப்புச் சத்தம்.