வாசலில் விற்ற சாவு

நேயர்களுக்கு வணக்கம்.

கள்ளே கதியென்று கிடக்கும் ஒருவன். அவனுக்குக் கள் இறக்கிக் கொடுத்தவன் மரத்திலிருந்து விழுந்து செத்துப்போகிறான். அந்தச் செத்தவனைத் தேடி இறந்தவர்கள் ஊருக்குப் புறப்படுகிறான் நம் ஆள். வழியில் மனைவியும் வாய்க்கிறாள். ஓரிடத்தில் மாபெரும் வெள்ளை மரம் ஒன்று குறுக்கிடுகிறது. அதற்குள் போகுமுன், வாசலில் நிற்கும் ஒருவரிடம் இருவரும் தங்கள் சாவை விற்கிறார்கள். விலை 70 பவுண்டு, 18 ஷில்லிங், 6 பென்ஸ். பயத்தை மட்டும் விற்கவில்லை. வட்டிக்கு விடுகிறார்கள், மாதம் 3 பவுண்டு 10 ஷில்லிங்.

நைஜீரியாவின் அபெயோகுட்டா ஊர்க்காரர் அமோஸ் டுட்டுவோலா எழுதி, 1952இல் லண்டனில் வெளிவந்த 'பாம் ஒயின் டிரிங்கர்ட்' நாவலில் வரும் காட்சி இது. இதில் வரும் மரம் நம் பனைமரம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே கள் இறக்குவது பெரும்பாலும் எண்ணெய்ப் பனையில். கதாநாயகனுக்கு அப்பன் கொடுத்த தோப்பில் 5,60,000 மரங்கள். காலையில் 150 கலயம், மாலையில் 75 கலயம். பேய்க்கதை என்று படிக்க உட்கார்ந்தால் கணக்கப்பிள்ளையின் பேரேடு மாதிரி எண்கள் கொட்டுகின்றன. அந்த எண்களை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். ஆப்பிரிக்க, பூர்வகுடி இலக்கியத்தை வாசிக்கும்போது முதலில் தவறுவது அங்கேதான் என்பது என் எண்ணம்.

புத்தகம் வந்தபோது லண்டனில் சிலர் கொண்டாடினார்கள்: அடடா, கனவு மாதிரி இருக்கிறது, காட்டுக் கற்பனை என்று. நைஜீரியாவில் படித்தவர்கள் சிலர் கூனிக் குறுகினார்கள்: இப்படி உடைந்த ஆங்கிலத்தில், இப்படிப்பட்ட மூடக்கதையை எழுதி நம் மானத்தை வாங்கிவிட்டானே என்று. இரண்டு தரப்புக்கும் அடியில் இருந்த நினைப்பு ஒன்றே: ஆவிகள் பழங்காலத்துச் சமாசாரம். அந்த நினைப்புக்கு ஏடறிந்த தொடக்கமும் உண்டு. 1871இல் ஆங்கிலேய மானிடவியலாளர் எட்வர்ட் டைலர், பொருள்களுக்குள் ஆவி குடியிருப்பதாக நம்புவதற்கு 'அனிமிசம்' என்று பெயர் சூட்டி, அதை மதத்தின் ஆரம்பப் படி என்று வைத்தார். படிக்கட்டு என்று ஒன்று கட்டினால், உச்சிப்படியில் கட்டியவர்தானே நிற்பார்!

ஆனால் டுட்டுவோலாவின் உலகம் பழங்காலத்தது இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் செம்புக் கொல்லராக வேலை பார்த்தவர் அவர். நாவலில் சந்தைக்கு ஓர் அழகன் வருகிறான். முழுக் கனவான் என்று அவனுக்குப் பெயர். அவன் அழகை ஆசிரியர் எப்படிச் சொல்கிறார் தெரியுமா? அவன் இருக்கும் ஊரில் விமானங்கள் குண்டு போடமாட்டா. தப்பித் தவறிப் போட்டாலும், அவன் ஊரைவிட்டுப் போகும்வரை குண்டு வெடிக்காமல் காத்துக்கிடக்கும். மரத்துக்கும் ஆற்றுக்கும் உயிர் கொடுப்பதை நாம் எதிர்பார்ப்போம். இங்கே மரியாதை தெரிந்து பொறுத்திருப்பது வெடிகுண்டு! 1954இல் வந்த அடுத்த நாவலில் உள்ளங்கையில் தொலைக்காட்சி தெரியும் பெண் பேய் வருகிறாள். நைஜீரியாவில் தொலைக்காட்சி நிலையம் திறந்ததோ 1959இல், இபாதானில்.

புதிய பொருளுக்கும் உயிர் கொடுக்கும் இந்தப் போக்கை 2003இல் ஒரு கட்டுரையில் கோட்பாடாக்கியவர் ஹாரி கருபா என்ற நைஜீரிய அறிஞர். அவர் காட்டும் உதாரணம்: லாகோஸில் அன்றைய மின்வாரியத் தலைமையகத்தின் முன்னால், நைஜீரியாவின் யொரூபா மக்களுடைய இடிமின்னல் தெய்வமான ஷாங்கோவின் வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. 1964இல் நைஜீரியச் சிற்பி பென் என்வொன்வு செய்தது. மின்சாரம் வந்ததும் மின்னல் தெய்வம் ஓய்வு பெறவில்லை, மின்வாரியத்தில் பதவி ஏற்றுக்கொண்டது. புதிதாக வரும் எதையும் இந்தச் சிந்தனை தனக்குள் இழுத்து உயிரூட்டிக்கொள்கிறது என்கிறார் கருபா. அவர் இதைப் புனிதப்படுத்தவும் இல்லை. அதே சிலை அரசு தன் அதிகாரத்துக்குப் பூசிக்கொள்ளும் பூச்சாகவும் ஆகலாம் என்பதை விடாமல் சொல்கிறார். 'இயற்கையோடு இயைந்த வாழ்வு' என்று இந்த இலக்கியத்தை உருகி உருகிப் பாராட்டுபவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுகிறார்கள்.

இனி மொழிக்கு வருவோம். காலனியம் ஆழமாக வேலை செய்த இடம் அதுதான். யொரூபா மரபில் எஷு என்பது தூது போகும் தெய்வம். படையலை மேலே கொண்டுசேர்ப்பது, நாற்சந்தியிலும் சந்தையிலும் நிற்பது, ஆளைச் சிக்கவைத்து வேடிக்கை பார்ப்பது எல்லாம் அதன் குணங்கள். 19ஆம் நூற்றாண்டில் யொரூபாவில் பைபிளை மொழிபெயர்த்தபோது சாத்தானுக்கு எஷுவின் பெயரை வைத்தார்கள். அதை முன்னின்று செய்த சாமுவேல் குரோதர் வெள்ளைக்காரர் இல்லை, அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட யொரூபாக்காரர். ஒரே ஒரு சொல் மாற்றம், தூதன் பிசாசாகிவிட்டான். இன்றும் அந்தக் கறை போகவில்லை.

இதைத் தெரிந்துகொண்டே வேலை செய்தவர் நைஜீரிய எழுத்தாளர் வோலே சொயிங்கா. ஃபகுன்வா என்ற எழுத்தாளர் 1938இல் யொரூபாவில் எழுதிய வேட்டைக்காரன் நாவலை 1968இல் ஆங்கிலத்தில் தந்தார். மூலத் தலைப்பில் இருப்பது நானூறு தெய்வங்களின் காடு. சொயிங்கா அதை ஆயிரமாக்கினார். எண் அவருக்குப் பெரிதில்லை. ஆங்கிலத்தில் பிசாசைக் குறிக்கும் demon என்ற வழக்கமான சொல்லின் எழுத்தை மாற்றி, கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்த பழைய வடிவத்தில் daemon என்று எழுதினார். ஒரே ஓர் எழுத்து கூடுதல். தேவாலயத்துப் பிசாசு வாசகர் மனத்தில் வந்து உட்காராமல் தடுக்க அந்த ஓர் எழுத்து. மற்ற காட்டுவாசிகளில் சிலருக்குப் புதுச் சொற்களையே உருவாக்கினார்.

இவற்றைத் தமிழுக்குக் கொண்டுவருபவருக்கும் அதே கண்ணி காத்திருக்கிறது. பிசாசு என்று எழுதினால் தமிழ் பைபிளின் பிசாசு வந்துவிடும். ஆவி என்றால் பாதிப் பேருக்குப் பரிசுத்த ஆவி, மீதிப் பேருக்கு ஆவி அமுதா கதை. 'அணங்குடை நெடுவரை' என்று அகநானூறு சொல்லுமே, அந்த அணங்கு என்ற சொல் பொருத்தத்தில் மிக அருகே வருகிறது: இடத்தில் உறையும், வருத்தும், நல்லது கெட்டது என்று பிரிக்க முடியாது. ஆனால் பக்கத்துக்கு நான்கு அணங்கு வந்தால் லாகோஸ் சந்தை சங்ககாலக் குறிஞ்சியாகிவிடும். யொரூபா தெய்வங்களைக் குறிக்கும் ஒரிஷா போன்ற பெயர்களை அப்படியே விட்டு, முதல் முறை வரும்போது அது என்ன வேலை செய்கிறது என்பதை வாக்கியத்துக்குள்ளேயே காட்டிவிடுவது நல்லது.

சொல்லைவிடப் பெரிய சிக்கல் வினைமுற்றில் இருக்கிறது. அந்த முழுக் கனவானைப் பின்தொடர்ந்து ஒரு பெண் காட்டுக்குள் போகிறாள். அவன் உடம்பு முழுக்க வாடகை. போகிற வழியில் இடது பாதத்தை உரியவரிடம் கொடுத்து வாடகை கட்டுகிறான். பிறகு வலது பாதம். வயிறு, விலா, மார்பு என்று ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் வெறும் மண்டையோடு மிஞ்சுகிறது. சந்தைக்கு 'வந்தார்' என்று தமிழில் எழுதியாயிற்று. எந்த உறுப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது 'வந்தான்' ஆவார்? எப்போது 'வந்தது' ஆகும்? டுட்டுவோலாவின் தாய்மொழியில் இந்தத் தொல்லை கிடையாது. யொரூபாவில் அவன், அவள், அது மூன்றுக்கும் 'ஓ' என்ற ஒரே சொல். தமிழில் மக்கள், தேவர், நரகர் மட்டும் உயர்திணை என்று நன்னூல் கோடு கிழித்துவிட்டது. நம் திணை உயிரைப் பார்ப்பதில்லை. நாயும் அது, கல்லும் அது.

வட அமெரிக்காவின் ஓஜிப்வே மொழி கோட்டை வேறிடத்தில் போடுகிறது. அங்கே உயிர்ப்பெயர், உயிரில்பெயர் என்று இரண்டு வகை. கல், அதாவது அசின், உயிர்ப்பெயர், பன்மையில் அசினீக். கெட்டிலும் புகைக்குழாயும் உயிர்ப்பெயர்கள். படகு உயிரில்பெயர். ராஸ்பெரிக்கு உயிர் உண்டு, ஸ்ட்ராபெரிக்கு இல்லை. பார்த்தேன் என்பதற்கே இரண்டு வினைகள். இதைக் கேட்டதும் அவர்கள் ராஸ்பெரியைக் கும்பிடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது; இலக்கணம் வேதம் ஆகாது. ஹாலோவெல் என்ற ஆய்வாளர், கனடாவின் பெரன்ஸ் ஆற்றங்கரையில் ஓர் ஓஜிப்வே முதியவரிடம், நம்மைச் சுற்றியுள்ள கற்களுக்கெல்லாம் உயிர் உண்டா என்று கேட்டதை 1960இல் எழுதினார். முதியவர் வெகுநேரம் யோசித்துச் சொன்ன பதில்: "இல்லை, ஆனால் சிலவற்றுக்கு உண்டு." எல்லாக் கல்லையும் அவர் நம்பவில்லை, எந்தக் கல்லையும் தள்ளவுமில்லை. நடந்ததை வைத்துத் தீர்மானிக்கிறார்.

யதார்த்தக் கதைக்குள் மாயத்தைக் கலப்பதைக் குறிக்கும் மாய யதார்த்தம் என்ற முத்திரை இந்த எழுத்துகளுக்குப் பொருந்துமா என்று கண்டறிய ஒரு வழி உண்டு. ஆவி சம்பந்தப்பட்ட வரியை உருவகம் என்று எடுத்துக்கொண்டு, கதை நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் முத்திரை பொருந்தவில்லை. அமெரிக்காவின் லகூனா பூர்வகுடி எழுத்தாளர் லெஸ்லி மார்மன் சில்கோவின் 'செரிமனி' 1977இல் வந்தது. அதில் போர்க்களத்திலிருந்து திரும்பிய டாயோ, தான் அங்கே மழையைச் சபித்ததால்தான் ஊரில் வறட்சி என்கிறான். அதைக் குற்ற உணர்வு என்று ராணுவ மருத்துவர்களைப்போல நாமும் ஒதுக்கினால், அவன் எந்த நோய்க்கு எந்தச் சடங்கைத் தேடிப் போகிறான் என்பதே புரியாமல் போகும். கதையின் உச்சம் லகூனா அருகே உள்ள யுரேனியச் சுரங்கத்தில் நடப்பதும் வெறும் இடத்தேர்வாகச் சுருங்கிவிடும்.

வெள்ளை மரத்திலிருந்து வெளியே வந்த தம்பதியை வாசலிலேயே விட்டுவிட்டேன். பயத்தைக் கடன் வாங்கியவர் கடைசி மாத வட்டியோடு அதைத் திருப்பித் தந்துவிடுகிறார். சாவை வாங்கியவரோ, பணம் கொடுத்து வாங்கிய சரக்கைத் திருப்பித் தரமுடியாது என்கிறார். வியாபாரம் வியாபாரம்தானே. அங்கிருந்து மிச்ச வழி முழுக்க அவர்களால் சாக முடியாது. பயம் மட்டும் கூடவே வருகிறது.